கார்புரேட்டரைத் திறப்பதற்கு முன்: அவுட்போர்டு எஞ்சினில் பெட்ரோல் தடைப்படும் இடங்கள்

படகின் பின்புறத்தில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் கயிற்றின் ஒரே இழுப்பில் கிளம்பி, ஓரிரு நிமிடங்கள் ஒழுங்காக ஓடி, பிறகு மெல்லத் திணறி நின்றுவிட்டால், பெரும்பாலோர் முதலில் கை வைப்பது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில்தான். என்னைக் கேட்டால், கடைசியாகத் திறக்க வேண்டிய பாகம் அது. கார்புரேட்டருக்குள் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துளைகள் இருக்கின்றன, அவை அடைத்துக்கொள்வதும் உண்மைதான். ஆனால் அவற்றை அடைக்கும் அழுக்கு டேங்கின் அடியிலிருந்தோ, உட்புறம் உரிந்துகொண்டிருக்கும் குழாயிலிருந்தோ, மாதக்கணக்கில் தேங்கி நின்ற பெட்ரோலிலிருந்தோதான் வந்திருக்க வேண்டும். அது வந்த வழியைப் பார்க்காமல் கார்புரேட்டரை மட்டும் கழுவிப் பூட்டினால், அதே கோளாறு சில நாட்களில் திரும்ப வரும். அப்போது படகு கரையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கவும் கூடும். அதனால் டேங்கில் தொடங்கி எஞ்சினை நோக்கி, பெட்ரோல் போகும் திசையிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகும் முறையை இங்கே எழுதுகிறேன்.

வழி எளிமையானது. டேங்கின் அடிவரை இறங்கும் உறிஞ்சு குழாய், அதன் நுனியில் சிறு வலை, மூடியில் காற்றுத் திருகு; அங்கிருந்து ரப்பர் குழாய், குழாயின் நடுவில் முட்டை வடிவில் கையால் அமுக்கும் பிரைமர் பல்பு, எஞ்சின் முனையில் சொருகிக் கழற்றும் இணைப்பி; எஞ்சின் மூடிக்குள் ஃபில்டர், பெட்ரோல் பம்ப், அதன் பிறகு கார்புரேட்டர் அல்லது பெட்ரோலை அழுத்தத்தில் பீச்சும் இன்ஜெக்ஷன் அமைப்பு. பெரிய படகுகளில் நிலையாகப் பதித்த டேங்கும், நீரைப் பிரிக்கும் தனி ஃபில்டரும் கூடுதலாக இருக்கும். பம்ப் வரையிலான இந்தப் பாதை முழுவதும், எஞ்சின் ஓடும்போது உறிஞ்சப்படும் பக்கமாக இருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பல குழப்பங்களை அது ஒன்றே தீர்த்துவைக்கும்.

கோளாறு பெட்ரோல் வழியில்தான் இருக்கிறதா என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். எஞ்சின் நிற்கும் விதமே பாதி விடையைச் சொல்லிவிடும். சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் மின்சாரப் பக்கத்தைச் சந்தேகிக்கலாம். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் சரியாக உட்காராமல் இருந்தாலும் இப்படித்தான் நிற்கும். வேகம் ஏறி இறங்கி, இருமி, வலு குறைந்து, அதன் பிறகு நின்றால் பெட்ரோல் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நின்ற உடனே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம். பலமுறை கயிற்றை இழுத்தும் பிளக் காய்ந்தே இருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்குள் வரவில்லை. நனைந்து, பெட்ரோல் சொட்டினால் அளவுக்கு மீறி வருகிறது, அல்லது பொறி பறக்கவில்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர்கள் உள்ள எஞ்சினில் பிளக்குகளை வரிசையாக வைத்து ஒப்பிடுவதால் கிடைக்கும் தகவல் விலைமதிப்பற்றது. எல்லாப் பிளக்குகளும் ஒரே நிறத்தில் வெளுத்தோ காய்ந்தோ இருந்தால், கோளாறு எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான இடத்தில், அதாவது டேங்கிலோ குழாயிலோ ஃபில்டரிலோ பம்பிலோ இருக்கிறது. சிலிண்டருக்கொரு கார்புரேட்டர் உள்ள எஞ்சினில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து மாறுபட்டால், அந்தச் சிலிண்டருக்குரிய கார்புரேட்டரையோ பிளக்கின் மின் இணைப்பையோ பார்க்கலாம். இந்த ஒப்பீட்டைச் செய்யாமலேயே வரிசையாக எல்லாக் கார்புரேட்டர்களையும் கழற்றிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் சரியாக இருந்ததையும் கலைத்துவிடும் வாய்ப்பு அதில் உண்டு.

வேலையைத் தொடங்குமுன் பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். பெட்ரோல் ஆவி காற்றைவிட எடை கூடியது. அது மேலே கலைந்து போகாமல் படகின் அடிப்பள்ளத்தில் இறங்கித் தங்கும், ஒரு சிறு பொறி போதும். எடுத்துச் செல்லக்கூடிய டேங்கைப் படகிலிருந்து இறக்கித் தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். குழாய்களைக் கழற்றும்போது பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும், காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்ய வேண்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கரையில் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதானால் தண்ணீர் இணைப்போ தண்ணீர்த் தொட்டியோ இல்லாமல் ஒரு நொடிகூட ஓட்டக் கூடாது, ஏனென்றால் நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் உலர்ந்த நிலையில் மிக விரைவாகக் கெட்டுவிடும்.

இனி டேங்க். மூடியிலுள்ள காற்றுத் திருகு மூடியிருப்பதுதான் எல்லாவற்றிலும் எளிய காரணம். பெட்ரோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, பம்பால் இழுக்க முடியாத நிலை வரும். எஞ்சின் திணறும்போது டேங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்து, எஞ்சின் மீண்டும் சீராகிவிட்டால் காரணம் அதுதான். திருகு திறந்திருந்தாலும் அதன் துளை உப்பாலும் தூசியாலும் அடைத்திருக்கலாம். பதித்த டேங்குகளில் படகின் பக்கவாட்டில் திறக்கும் காற்றுக் குழாயைப் பூச்சிகள் கூடு கட்டி அடைத்துவிடுவதும் உண்டு. இதற்கு நேர்மாறான தொல்லையும் இருக்கிறது. வெயிலில் மூடிய டேங்க் உப்பி, உள்ளே கூடிய அழுத்தம் குழாய் வழியாகப் பெட்ரோலைத் தள்ளி, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை மூடும் ஊசி வால்வையும் மீறி அதை நிரப்பிவிடும். அதனால் படகு ஓடாத நேரத்தில் குழாயை எஞ்சினிலிருந்து கழற்றி வைப்பது நல்லது, கிளப்புமுன் மூடியை ஒரு முறை தளர்த்தி அழுத்தத்தை விடுவதும் நல்லது.

டேங்கின் அடியிலிருந்து எடுத்த பெட்ரோலை ஒரு தெளிவான கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, அசையாமல் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். நீர் பெட்ரோலைவிட அடர்த்தியானது. பெட்ரோலின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.72 முதல் 0.78 கிராம் வரை இருக்க, நீருக்கு அது 1 கிராம். அதனால் நீர் அடியில் தனி அடுக்காகவோ, பாட்டிலைச் சாய்த்தால் உருண்டோடும் குமிழ்களாகவோ தெரியும். இரண்டுக்கும் நிறத்தில் அதிக வேறுபாடு இல்லாமல் எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியவில்லையென்றால், சமையலறையில் பயன்படும் நீரில் கரையும் உணவு நிறமியை ஒரு சொட்டு விடுங்கள். அது பெட்ரோலில் கரையாமல் நேராக அடியில் இறங்கும். அங்கே நீர் இருந்தால் அந்த அடுக்கு மட்டும் நிறம் ஏறி நிற்கும். மேலாக எடுத்த பெட்ரோலை வைத்து இந்தச் சோதனையைச் செய்வதில் பயனில்லை, உறிஞ்சு குழாய் அடியிலிருந்துதான் இழுக்கிறது.

எத்தனால் கலந்த பெட்ரோலில் விஷயம் இன்னும் சிக்கலானது. எத்தனால் நீரை ஈர்த்துத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும், ஆனால் ஓரளவு வரைதான். 10% எத்தனால் கலந்த பெட்ரோல், 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், தன் கன அளவில் ஏறத்தாழ 0.5% நீரைத்தான் தாங்கும். 20 லிட்டர் டேங்கில் அது 100 மி.லி. அந்த வரம்பைத் தாண்டினாலும், வரம்பை ஒட்டியிருக்கும்போது இரவில் குளிர்ந்தாலும், நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் படியும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அந்தக் கலவையைத்தான். மேலே மிஞ்சும் பெட்ரோலோ எத்தனாலை இழந்து ஆக்டேன் (எஞ்சினில் தட்டலைத் தாங்கும் திறன்) குறைந்து நிற்கும். இப்படிப் பிரிந்துவிட்ட பெட்ரோலை எந்த மருந்தைக் கலந்தும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. முழுவதையும் வடித்து, உரிய முறையில் அப்புறப்படுத்திவிட்டு, டேங்கைக் காய வைத்துப் புதிதாக நிரப்புவதுதான் வழி.

பழைய பெட்ரோலை மூக்கே காட்டிக்கொடுக்கும். புதிய பெட்ரோலின் கூர்மையான மணம் போய், வார்னிஷ் போன்ற புளித்த நெடி வரும், நிறமும் கறுக்கும். எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிடுவதால் குளிர்ந்த எஞ்சின் கிளம்ப மறுக்கும். மிஞ்சுவது பிசினாகி கார்புரேட்டரின் வால்விலும், ஜெட் எனப்படும் சிறு துளைப் பாகத்திலும் ஒட்டும். எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில், கார்புரேட்டர் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியான பிறகு எண்ணெய் மட்டும் பசைபோல் தங்கும்.

அடுத்தது குழாயும் பிரைமர் பல்பும். எனக்கு மிகவும் பிடித்த சோதனைக் கருவி இந்தப் பல்புதான். கூடுதல் செலவு எதுவுமில்லாமல் வழி முழுவதன் நிலையையும் கைக்கு உணர்த்துகிறது. அதற்குள் இரு முனைகளிலும் ஒருவழி வால்வுகள் இருக்கின்றன. மேலே பொறித்திருக்கும் அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். பல்பை எஞ்சின் முனை மேலே இருக்கும்படி செங்குத்தாகப் பிடித்து அமுக்கினால் வால்வுகள் சரியாக உட்கார்ந்து விரைவில் நிரம்பும். சில அமுக்குகளில் கெட்டியாகி, அப்படியே நின்றால் வழி நிரம்பி, கார்புரேட்டரின் ஊசி வால்வு மூடிக்கொண்டது என்று பொருள்.

எவ்வளவு அமுக்கினாலும் கெட்டியாகவில்லையென்றால் மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும்: டேங்கிலிருந்து பல்பு வரையிலான பகுதியில் எங்கோ காற்று புகுகிறது, அல்லது பல்பின் வால்வு தேய்ந்துவிட்டது, அல்லது எஞ்சின் பக்கத்தில் ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் வழிகிறது. கார்புரேட்டரின் வாய்ப்பகுதியில் பெட்ரோல் கசிந்து மணம் வந்தால் மூன்றாவது காரணம். எஞ்சின் நன்றாக ஓடும்போது பல்பு ஓரளவு மெத்தென்று இருப்பது இயல்பானது, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் ஓடும்போது பல்பு உள்ளிழுத்துத் தட்டையாகிப் போனால், பல்புக்கும் டேங்குக்கும் இடையில் அடைப்பு இருக்கிறது: காற்றுத் திருகு, உறிஞ்சு குழாயின் வலை, மடங்கிய குழாய் இவற்றில் ஒன்று.

இன்னொரு சோதனையை ஓடும் படகிலேயே செய்யலாம். எஞ்சின் திணறத் தொடங்கும் வேளையில் உடனிருப்பவர் ஒருவரைப் பல்பைத் தொடர்ந்து அமுக்கச் சொல்லுங்கள். அமுக்க அமுக்க எஞ்சின் உயிர்பெற்று, விட்டவுடன் மறுபடி தளர்ந்தால், கை பம்பின் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். அதாவது பம்ப் வலுவிழந்திருக்கிறது, அல்லது அதற்கு முன்னால் காற்று புகுகிறது அல்லது அடைப்பு இருக்கிறது. கார்புரேட்டர் பெரும்பாலும் குற்றமற்றது என்பதை இந்த ஒரு சோதனையே சொல்லிவிடும். அமுக்கியும் எந்த மாற்றமும் இல்லையென்றால், பம்புக்கு அப்பாலோ மின்சாரப் பக்கத்திலோ தேடலாம்.

காற்று புகும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையிலேயே பொறுமையைச் சோதிக்கும் பகுதி. உறிஞ்சும் பக்கத்தில் ஓர் இணைப்பு தளர்ந்திருந்தால் அங்கே பெட்ரோல் சொட்ட வேண்டிய அவசியமில்லை, காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும். வெளியே ஈரம் இல்லாததால் ‘கசிவு இல்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல்பைப் பலமாக அமுக்கிப் பிடித்தால் பல்புக்கும் எஞ்சினுக்கும் இடைப்பட்ட பகுதியில் அழுத்தம் ஏறும். அந்தப் பகுதியில் ஓட்டை இருந்தால் அப்போது பெட்ரோல் வெளியே எட்டிப் பார்க்கும். பல்புக்கு முன்னால் உள்ள பகுதிக்கு இந்த உத்தி பயன்படாது. அதற்கு, பம்புக்குச் சற்று முன்னால் பெட்ரோலைத் தாங்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாயின் சிறு துண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்தி எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும். கிளம்பியவுடன் சில குமிழ்கள் ஓடி மறைவது சாதாரணம். அதன் பிறகும் மணிமணியாகக் குமிழ்கள் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தால் காற்று புகுகிறது. குமிழ்கள் ஓடும்போதே டேங்கு முனையிலிருந்து ஒவ்வொரு இணைப்பாக விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாருங்கள். எந்த இடத்தைப் பிடிக்கும்போது குமிழ் குறைகிறதோ அங்கேதான் ஓட்டை. சோதனை முடிந்ததும் அந்தத் தெளிவான துண்டை எடுத்துவிட வேண்டும், அது நிரந்தரப் பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல.

நான் பார்த்தவரையில் அதிகம் ஏமாற்றுவது எஞ்சின் முனையிலுள்ள இணைப்பியின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். வெளியிலிருந்து பார்த்தால் இணைப்பி கிளிக்கென்று உட்கார்ந்து கச்சிதமாகத் தெரியும். கழற்றி, நகத்தால் ஓ-ரிங்கைத் தொட்டால் கெட்டியாகி ஒரு பக்கம் தட்டையாக நசுங்கியிருப்பது தெரியும். எஞ்சினின் அதிர்வில் இணைப்பி அசையும்போதெல்லாம் அந்தத் தட்டைப் பக்கம் வழியாகக் காற்று நுழையும்; அசையாதபோது எல்லாம் சரியாக இருக்கும். விட்டுவிட்டு வரும் கோளாறுகளில் பல இங்கே பிறக்கின்றன.

ரப்பர் குழாயை வெளித்தோற்றத்தை வைத்து எடைபோடக் கூடாது. எத்தனாலைத் தாங்காத பழைய குழாய்களில் உட்புற அடுக்கு தனியே உரிந்துவிடும். எஞ்சின் மெல்ல இழுக்கும்போது பெட்ரோல் போகும். பலமாக இழுக்கும்போது உரிந்த அடுக்கு உள்நோக்கி மடிந்து வழியை மூடும். நின்றவுடன் மீண்டும் விரிந்துகொள்வதால், கழற்றி ஊதிப் பார்த்தால் காற்று தாராளமாகப் போகும். கத்தியால் குறுக்கே வெட்டி, வெட்டு முகத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கறுப்புத் துகள்கள் ஃபில்டரில் சேர்ந்திருந்தால் குழாயை முழுமையாக மாற்றிவிடுவதே நல்லது. மாற்றும்போது எஞ்சினின் கையேட்டில் சொல்லியிருக்கும் உள் விட்டத்துக்குக் குறைவாக வாங்கக் கூடாது, இணைப்புகளில் சரியான கிளாம்ப் போட வேண்டும்.

இவ்வளவு தூரம் பார்த்தும் சந்தேகம் தீரவில்லையென்றால், வழியை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். நன்றாக இருப்பது உறுதியாகத் தெரிந்த இன்னொரு சிறு டேங்க், அதற்கென்றே ஒரு குழாய், ஒரு பல்பு, புதிய பெட்ரோல் ஆகியவற்றை எஞ்சினில் இணைத்து ஓட்டுங்கள். கோளாறு மறைந்தால் எஞ்சின் மூடியைத் திறக்கவே வேண்டியதில்லை, தேட வேண்டியதெல்லாம் படகின் பக்கத்தில்தான். மறையாவிட்டால் டேங்கையும் குழாயையும் மறந்துவிட்டு எஞ்சினுக்குள் போகலாம். பதித்த டேங்க் உள்ள படகுகளில் இந்தச் சோதனைக்கு இன்னும் மதிப்பு அதிகம், ஏனென்றால் அவற்றில் டேங்கின் வெளியேறும் வாயில் சைஃபன் தடுப்பு வால்வு ஒன்று இருக்கலாம். குழாய் அறுந்தால் பெட்ரோல் தானாக வழிந்து படகின் அடியில் நிறையாமல் காக்கும் சிறு வால்வு அது. அரிப்பினால் அது பாதி மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் முழு வேகத்தில் பெட்ரோல் போதாது. சிக்கியதைப் புதிதாக மாற்ற வேண்டுமே தவிர, அதை எடுத்தெறிந்துவிட்டு நேராகக் குழாயை இணைப்பது ஆபத்து.

இனி எஞ்சின் மூடிக்குள். ஃபில்டர் கிண்ணம் தெளிவானதாக இருந்தால் அதன் அடியில் நீர் நிற்கிறதா என்று பார்த்தாலே போதும். நீர் பிரிக்கும் தனி ஃபில்டரைக் கழற்றினால் அதனுள் இருப்பதைத் தூக்கிக் கொட்டாமல் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பாருங்கள், டேங்கின் வரலாறு முழுவதும் அதில் இருக்கும். இது விலை குறைந்த, அடிக்கடி மாற்ற வேண்டிய பொருள். கழுவி மறுபடி போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பம்ப், பல எஞ்சின்களில், ஒரு மெல்லிய டயாபிரம்தான், அதாவது அசையும் சவ்வு. டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் கேஸ் அறையின் அழுத்த மாற்றம் அதை ஆட்டும். கார்புரேட்டர் உள்ள ஃபோர்-ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் வால்வுகளை இயக்கும் கேம் தண்டு ஆட்டும். டூ-ஸ்ட்ரோக்கில் டயாபிரம் கிழிந்தால் பெட்ரோல் அழுத்தக் குழாய் வழியாக நேராகக் கிராங்க் கேஸுக்குள் போகும். பம்ப் இணைந்திருக்கும் சிலிண்டரின் பிளக் மட்டும் நனைந்து, புகை கூடும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் கலக்கக்கூடும். எண்ணெய் அளவுகோலில் மட்டம் ஏறியிருந்தாலோ பெட்ரோல் நெடி அடித்தாலோ மேற்கொண்டு ஓட்டாமல் எண்ணெயை மாற்றி, பம்பைச் சரிசெய்ய வேண்டும். கிழியாமலும் டயாபிரம் விறைத்துப்போய் வலுவிழக்கலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளைகள் தெரியும், விரலால் வளைத்தால் விறைப்பு தெரியும்.

இதுவரை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கார்புரேட்டர். அப்போதும் கழற்றுமுன் அறிகுறியைக் கவனியுங்கள். ஐட்லிங்கில் (குறைந்த வேகத்தில்) ஓட மறுத்து, திராட்டிலைத் (வேகக் கட்டுப்பாட்டைத்) திறந்தால் நன்றாக ஓடினால், குறைந்த வேகத்துக்கான பைலட் ஜெட்டும் அதன் வழிகளும் அடைத்திருக்கின்றன. ஐட்லிங்கில் சீராக ஓடி, முழுத் திராட்டிலில் மட்டும் மூச்சு வாங்கினால் அதிக வேகத்துக்கான மெயின் ஜெட்டாக இருக்கலாம், ஆனால் பெட்ரோல் வரத்துக் குறைவும் இதே அறிகுறியைத்தான் காட்டும். காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்தால்தான் ஓடுகிறது என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. முதலில் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகை மட்டும் திறந்து, வெளிவருவதை வெள்ளைப் பாத்திரத்தில் பிடியுங்கள். நீர்க்குமிழ், துரு, பழுப்புப் பிசின், உலோகம் அரித்த வெள்ளைத் தூள் என எது இருந்தாலும் உள்ளே என்ன நிலை என்று புரிந்துவிடும்.

கழற்றும்போது ஒவ்வொரு படியையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கலவைத் திருகை எடுக்குமுன் மெதுவாக உள்நோக்கித் திருகி, உட்காரும் வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தித் திருகினால் கூர்முனை கெட்டுவிடும். ஜெட்டுகளைக் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, அழுத்தக் காற்றால் ஊதி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் பிறைபோல் நிழல் விழுந்தால் இன்னும் படிவு இருக்கிறது. எஃகுக் கம்பியை விட்டுக் குடைவதை மட்டும் செய்யவே கூடாது. பித்தளை மென்மையானது, துளை சற்றே பெரிதானாலும் அந்த ஜெட் வீண்தான். ஊசி வால்வின் நுனியில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். ஊசி வால்வை மூடித் திறக்கும் மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் சலசலக்கிறதா என்று தெரியும். சலசலத்தால் அது சரியாக மிதக்காது, கார்புரேட்டர் நிரம்பி வழியும். பூட்டும்போது புதிய கேஸ்கெட் போட்டு, மிதவையின் உயரத்தைக் கையேட்டின் அளவோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்திருப்பவர்கள் ஒன்றை மிகவும் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓட்டும் வகையில், 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி. எண்ணெய், பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் கிடைக்கும் எண்ணெய் முழுவதும் அந்தப் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் கலவை மெலிந்து வெப்பம் ஏறும், அதே நேரத்தில் எண்ணெயும் குறையும். திணறுகிற எஞ்சினை ‘எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடலாம்’ என்று முழுத் திராட்டிலில் விரட்டினால், பிஸ்டன் சிலிண்டரில் உரசிப் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. பத்து நிமிடத்தில் மாற்றக்கூடிய ஓ-ரிங்குக்காக எஞ்சினையே இழக்க வேண்டாம். வேகத்தைக் குறைத்து மெதுவாகக் கரை திரும்புவதே சரி.

எரிபொருள் இன்ஜெக்ஷன் உள்ள எஞ்சின்களிலும் பம்பு வரையிலான சோதனைகள் இவையேதான். அதன் பிறகு, ஆவி பிரிக்கும் சிறு டேங்கும், அதற்குள்ளேயோ அருகிலோ உயரழுத்த மின் பம்பும் இருக்கும். சாவியைத் திருப்பியவுடன் அந்தப் பம்ப் சில நொடிகள் ரீங்கரித்து நிற்கும் ஒலியை எஞ்சின் நன்றாக இருக்கும்போதே காதில் பதிய வைத்துக்கொண்டால், பின்னாளில் ஒலி வராததோ மாறியிருப்பதோ உடனே தெரியும். அழுத்தத்தை அளவி கொண்டுதான் பார்க்க வேண்டும், கையேடு சொல்லும் அளவு வேண்டும். கழற்றுமுன் அழுத்தத்தை முறைப்படி இறக்காவிட்டால் பெட்ரோல் பீச்சியடிக்கும். அந்தக் கருவிகள் கையில் இல்லாதவர்கள் இந்தப் பகுதியைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

சரிசெய்த பிறகு கரையில் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்துவிடக் கூடாது. 40 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்று முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 12 முதல் 16 லிட்டர் வரை குடிக்கும். ஐட்லிங்கிலோ ஒரு லிட்டர் அளவுக்குத்தான் கேட்கும். பாதி அடைத்த குழாயும் அந்த ஒரு லிட்டரைத் தாராளமாகக் கொடுத்துவிடும். ஆகவே தண்ணீரில், பாரத்தோடு, கரையை விட்டு விலகாமல், துடுப்பும் உதவிக்கு ஆளும் வைத்துக்கொண்டு, முழுத் திராட்டிலில் பல நிமிடங்கள் தொடர்ந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். திரும்பி வந்ததும் பல்பை ஒரு முறை தொட்டுப் பார்த்து, எஞ்சின் மூடியைத் திறந்து இணைப்புகளில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவி, பிளக்குகளை மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த சில வாரங்கள் படகை எடுக்கப் போவதில்லையென்றால், குழாயைக் கழற்றி எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டுவதோடு விடாமல், கிண்ணத்தின் வடிகால் திருகையும் திறந்து மிச்சத்தை வடித்துவிடுங்கள்; தானாக நின்ற பிறகும் ஜெட்டுக்குக் கீழே கொஞ்சம் பெட்ரோல் தங்கியிருக்கும்.